மூன்று படிகளின் வரலாறு

பாலக்காட்டிலிருந்து கோவைக்கோ, குமுளியிலிருந்து கம்பத்துக்கோ பேருந்தில் செல்லாத தமிழ்க் குடும்பம் நம் எல்லைப்புறத்தில் அரிது. ஏறும் படிகளை நாம் எண்ணுவதில்லை. இளம்பிள்ளைவாதத்தால் கால் தளர்ந்த ஒருவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறு தயங்கி நிற்கும்போதுதான் அவற்றின் உயரம் நம் கண்ணில் படுகிறது. வழக்கமான நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர். தாழ்தளப் பேருந்தினதோ 400. இவ்வரை மீட்டரைச் சட்டத்தால் குறைக்க முயன்ற கதையையே ஈண்டுக் கூற விழைகிறோம்.

1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில், சக்கர நாற்காலியினர் உள்ளிட்ட பத்தொன்பது பேர் நடுத்தெருவில் பேருந்துகளை மறித்து, இரவு முழுதும் அங்கேயே கிடந்தனர். 'எங்களையும் ஏற்றிச் செல்க' என்பதே அவர்தம் கோரிக்கை. அந்நாட்டில் அதற்கான முழுமையான சட்டம் பிறக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முதலாகப் பேருந்தையும் இரயில் பெட்டியையும் கப்பலையும் விமானத்தையும் பெயர் சுட்டிக் கூறியது. ஆனால், 'தம் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு' என்றொரு தொடரும் அதில் இருந்தது. கோப்புகளோடு வாழும் நமக்கு அத்தொடரின் வலிமை தெரியும். கையொப்பமிட மனமில்லாத அதிகாரிக்கு அதனினும் சிறந்த துணை வேறில்லை! 2016இல் வந்த புதிய சட்டம் உரிமையை உரக்கப் பேசிற்று. எனினும் பழைய ஊர்திகளைத் திருத்துமிடத்தில் 'இயன்றவரை' என்னும் பொருள்படும் நிபந்தனைகளை அதுவும் கைவிடவில்லை. 2020 மார்ச் முதல் புதிய பேருந்துகளில் முன்னுரிமை இருக்கை, கைப்பிடி, ஊன்றுகோல் வைக்குமிடம் முதலியவை வேண்டுமென மோட்டார் வாகன விதிகள் பணித்தன.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2017இல் தீர்ப்பு வந்தது. அதன் பின்னும் நிறைவேறாதவை பலவாதலால் வழக்கு நீண்டு, 2024 நவம்பர் 8 அன்று நீதிமன்றம் விதிகளையே ஆராய்ந்தது. 2017ஆம் ஆண்டு விதிகளின் பதினைந்தாம் விதி வெறும் வழிகாட்டுதலாய் நிற்கிறது. சட்டமோ கட்டாயத்தை வேண்டுகிறது. ஆதலின் அவ்விதி செல்லாது என்றுரைத்து, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் தந்தது. 'செய்யலாம்' என்பது 'செய்க' என்றாவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகள்!

இனி நம் மலைப்பக்கம் வருவோம். இடுக்கி மாவட்டத்தில் இரயில் நிலையமே இல்லை. மூணாற்றில் ஓடிய சிற்றிரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் இரயில் வந்ததென்று மகிழ்ந்தோம்; ஆனால் மூணாற்றுத் தோட்டத்துக் குடும்பம் அந்நிலையத்தை அடையவும் பேருந்திலேதான் மலை இறங்க வேண்டும். ஊனமுற்றோர்க்கு இரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்பது, ஏறவியலாத பேருந்துக்கு அப்பாலுள்ள செய்தி.

கொண்டையூசி வளைவுகளிலும் மேடு பள்ளங்களிலும் தாழ்தளப் பேருந்தின் அடிப்பாகம் உரசும் என்று ஓட்டுநர்கள் கூறுவதைப் புறந்தள்ள இயலாது. ஊர்தியைத் தாழ்த்த இயலாவிடத்து, நிறுத்தத்தின் மேடையை உயர்த்தலாம், சாய்தளமும் அமைக்கலாம். இதற்குச் சிமெந்தும் செங்கல்லும் போதும். ஆயினும், மேடை கட்டுவது ஊராட்சியின் பொறுப்பா, போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பா என்று ஒரு கோப்புத் தொடங்கும்; அக்கோப்பு எத்தனை மேசைகளைக் கடக்கும் என்பதை எம்போன்ற எழுத்தர்கள் நன்கறிவோம்.