வேலைக்கு மட்டும் ஓட்டலாம்: அமெரிக்காவின் ஹார்ட்ஷிப் லைசென்ஸ் வந்த கதை

அமெரிக்காவில் ஒருத்தர் குடிச்சிட்டு கார் ஓட்டி மாட்டிக்கிறார்னு வைங்க. லைசென்ஸ் போயிடும். அதுல நமக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்ல. ஆனா திங்கட்கிழமை காலையில அவர் வேலைக்கு எப்படிப் போவார்?

நம்ம ஊர்ல டவுன் பஸ் இருக்கு, ஷேர் ஆட்டோ இருக்கு. ஒண்ணுமே இல்லேன்னா யாரோட பைக்லயாவது பின்னாடி உக்காந்து போயிடலாம். டெக்சாஸில் ஒரு சின்ன ஊரை நினைச்சுப் பாருங்க. பஸ்ஸே கிடையாது. கார் இல்லேன்னா வேலை இல்ல. வேலை இல்லேன்னா அபராதம் கட்டவும் காசு இல்ல.

இதுக்கு அமெரிக்க மாநிலங்கள் கண்டுபிடிச்ச வழிதான் ஹார்ட்ஷிப் லைசென்ஸ். லைசென்ஸ் பறிக்கப்பட்டவருக்கு, பிழைப்புக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஓட்ட அனுமதி. நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. ஒரு அக்கவுண்ட்டை மொத்தமா மூடுறது வேற, அதுக்குள்ள பெர்மிஷனைக் குறைக்கிறது வேறன்னு எங்களுக்குத் தினமும் ஞாபகம் வரும். இதுவும் அந்த மாதிரிதான். ஆனா அந்தப் பெர்மிஷனை யாருக்குக் கொடுக்கிறாங்க, யாருக்கு மறுக்கிறாங்கன்னு பார்த்தா, அது ஒரு நூற்றாண்டுச் சண்டை.

முதல்ல லைசென்ஸ் எப்போ வந்தது? 1903-ல் மாசசூசெட்ஸும் மிசௌரியும் ஓட்டுநர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் போட்டன. எல்லா மாநிலமும் இதற்குள் வர அரை நூற்றாண்டு ஆனது. கடைசியாக வந்த சவுத் டகோட்டா, 1954-ல்தான் லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. அந்தக் காலத்துச் சட்டப் பார்வை ரொம்ப எளிமை. லைசென்ஸ் என்பது அரசு தரும் சலுகை. கொடுத்தவனே எடுத்துக்கலாம், காரணம் கேட்காதே.

ஆனா ஊர் மாறிப்போச்சு. 1956-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு இன்டர்ஸ்டேட் சாலைகளைத் திட்டமிட்டது. வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், கடை இன்னொரு பக்கம்னு ஊர்கள் விரிஞ்சுது. சட்டம் சலுகைன்னு சொன்ன அட்டை, நடைமுறையில சோறு போடுற அட்டையா ஆயிடுச்சு.

இந்த முரண்பாடு 1971-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கின் பெயர் பெல் எதிர் பர்சன். பெல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஒரு பாதிரியார். மூன்று கிராமப்புற ஊர்களுக்குக் காரில் போய் ஊழியம் செய்தவர். 1968 நவம்பரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் வந்து அவர் காரின் பக்கவாட்டில் மோதினாள். அவரிடம் இன்சூரன்ஸ் இல்லை. பெற்றோர் 5,000 டாலர் இழப்பீடு கேட்டார்கள். ஜார்ஜியா சட்டப்படி அந்தத் தொகைக்கு ஈடு கட்ட வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் போய்விடும். "தப்பு என் மேல இல்லைன்னு நிரூபிக்கிறேன்" என்று அவர் கேட்டபோது, தப்பு யார் மேல் என்பது இங்கே விஷயமே இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கொடுத்த லைசென்ஸ், பிழைப்புக்கு அத்தியாவசியமானதாக மாறலாம். அதைச் சலுகை என்று சொன்னாலும் உரிமை என்று சொன்னாலும், முறையான விசாரணை இல்லாமல் பிடுங்கக் கூடாது. நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான். லைசென்ஸையும் வயிற்றுப்பாட்டையும் உச்ச நீதிமன்றமே முடிச்சுப் போட்ட இடம் இது.

ஆறு வருஷம் கழிச்சு, 1977-ல் டிக்ஸன் எதிர் லவ். லவ் இல்லினாய்ஸைச் சேர்ந்த லாரி டிரைவர். திரும்பத் திரும்ப வேகமாக ஓட்டி மாட்டியதால், முன்கூட்டி விசாரணை எதுவும் இல்லாமல் அவர் லைசென்ஸை ரத்து செய்தார்கள். பெல் வழக்கைப் பார்த்தா லவ் ஜெயிப்பார்னுதானே தோணும்? தோத்துட்டார். அவர் மேலிருந்த குற்றங்கள் ஏற்கெனவே கோர்ட்டில் நிரூபணமானவை, ரத்துக்குப் பிறகு விசாரணை கேட்கவும் வழி இருக்கிறது என்றது நீதிமன்றம். கூடவே இன்னொரு காரணமும் சொன்னது. இல்லினாய்ஸ் சட்டத்தில் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் தனி விதிவிலக்கு இருக்கிறது, அதனால் இழப்பு அவ்வளவு பெரியதில்லை.

இங்கதான் நான் கொஞ்சம் நின்னு யோசிச்சேன். ஹார்ட்ஷிப் லைசென்ஸ் டிரைவருக்கு மட்டும் உதவலை. "அதான் மாற்று வழி இருக்கே"ன்னு சொல்லி, லைசென்ஸை வேகமா பறிக்கிறதுக்கு அரசுக்கும் அதுவே சாக்காச்சு.

அடுத்து 1980-கள். பறிக்கிற பக்கத்துக்கு வலுவான நியாயம் கிடைத்தது. 1980 மே மாதம் கலிஃபோர்னியாவில் கேரி லைட்னர் என்ற 13 வயதுச் சிறுமி, குடித்துவிட்டு ஓட்டியதற்காக முன்பே தண்டனை பெற்ற ஒருவரின் கார் மோதி இறந்துபோனாள். அவள் தாய் கேண்டேஸ் லைட்னர் 'மேட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்தக் கோபத்துக்கு முன்னால் "அவருக்கும் குடும்பம் இருக்கே" என்ற வாதம் எடுபடாது, எடுபடவும் கூடாது. கைதான உடனே, கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் லைசென்ஸை நிறுத்தும் சட்டம் 1976-லேயே மினசோட்டாவில் வந்திருந்தது. அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஹார்ட்ஷிப் லைசென்ஸ் நிற்கவில்லை, ஆனால் நிபந்தனைகள் இறுகின. பல மாநிலங்களில் முதலில் சில வாரமோ மாதமோ எதுவுமே ஓட்டக் கூடாது. அதற்குப் பிறகுதான் மனுவே போட முடியும்.

இப்போ எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம். டெக்சாஸில் இதன் பெயர் 'ஆக்குபேஷனல் லைசென்ஸ்'. நீதிபதியிடம் மனு போட வேண்டும். எந்த நேரம், எந்தப் பகுதி, எதற்காக என்று உத்தரவிலேயே எழுதுவார்கள். சாதாரணமாக ஒரு நாளைக்கு 4 மணி நேரம். தேவையைக் காட்டினால் 12 மணி நேரம் வரை போகலாம். அந்த உத்தரவின் நகல் காரில் கையோடு இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி அரசுக்கு நேரடியாக உறுதி தரும் எஸ்ஆர்-22 படிவமும் வேண்டும். விஸ்கான்சினில் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஃபுளோரிடாவில் ரெண்டு வகை. ஒன்று வேலைக்கு மட்டும், இன்னொன்றில் படிப்பு, வைத்தியம், சர்ச்சும் சேரும். ஒஹையோவில் குடித்து ஓட்டியவருக்கு இந்தச் சலுகை கொடுத்தால், பல வழக்குகளில் சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் நம்பர் பிளேட் மாட்ட வேண்டும். தெருவே பார்க்கும். அந்தக் காரை மனைவியோ மகனோ ஓட்டினாலும் அவமானம் அவங்களுக்கும்தான்.

கூடவே இன்டர்லாக் கருவி. ஊதினால்தான் கார் ஸ்டார்ட் ஆகும், மூச்சில் மது இருந்தால் ஆகாது. முதல் தடவை தண்டனை பெறுபவர்கள் உட்பட எல்லாருக்கும் 2005-ல் இதை முதலில் கட்டாயமாக்கியது நியூ மெக்சிகோ. எனக்கு இதுல ஒரு நியாயம் தெரியுது. கடிகாரம் பார்த்துத் தடுக்காம, ஆபத்து எதுவோ அதையே தடுக்குது. செலவு மட்டும் பெரும்பாலும் ஓட்டுநர் தலையிலதான்.

சரி, ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள்? 1990-களின் தொடக்கத்தில் ஃபெடரல் அரசு மாநிலங்களுக்கு ஒரு நெருக்கடி கொடுத்தது. போதைப்பொருள் குற்றம் எதுவானாலும் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸை நிறுத்து, இல்லையென்றால் சாலை நிதியில் வெட்டு. விருப்பமில்லாத மாநிலம் முறைப்படி எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். கவனிங்க, குற்றத்துக்கும் காருக்கும் சம்பந்தமே இருக்க வேண்டாம். மாசசூசெட்ஸில் இப்படிப் போன லைசென்ஸைத் திரும்ப வாங்க குறைந்தது 500 டாலர் கட்டணம். சிறையிலிருந்து வெளியே வந்தவர் கையில் அது ஏது? 2016-ல்தான் அந்த மாநிலம் இந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் நீக்கியது. டெக்சாஸில் 2003 முதல் 2019 வரை, டிராஃபிக் குற்றங்களுக்கு மேல் வருடாந்தரக் கூடுதல் கட்டணம் வசூலித்த திட்டம் ஒன்று இருந்தது. கட்ட முடியாதவர்களின் லைசென்ஸ் லட்சக்கணக்கில் முடங்கியது.

ஹார்ட்ஷிப் லைசென்ஸோட சிக்கல் இங்கதான் வெட்டவெளிச்சமாகுது. பல இடங்களில் முதலாளியிடமிருந்து கடிதம் கேட்பார்கள். வேலையில் இருப்பவருக்கு அது சுலபம். நேற்று விடுதலையானவர் வேலை தேடவே கார் வேண்டும். வேலை கிடைத்தால்தான் கடிதம், கடிதம் இருந்தால்தான் கார். எங்க பாஷையில இது டெட்லாக். வெளியில இருந்து யாராவது உடைச்சாத்தான் உடையும்.

இன்னொரு திருப்பம். லவ் வழக்கில் தொழில்முறை ஓட்டுநருக்குத்தான் தனி ஏற்பாடு இருக்கே என்றார்கள். இன்றைய ஃபெடரல் சட்டப்படி, தகுதி இழந்த லாரி டிரைவருக்கு லாரி ஓட்ட எந்த மாநிலமும் ஹார்ட்ஷிப் அனுமதி கொடுக்கக் கூடாது. 36 டன் லாரியை நினைச்சா அது புரியுது. ஆனா ஓட்டுறதையே தொழிலா வச்சவருக்கு மட்டும் அந்தக் கதவு மூடியிருக்கு.

என் கருத்து இதுதான். குடிச்சிட்டு ஓட்டுறவர்கிட்ட இருந்து சாவியை வாங்கணும். அதுல இரக்கத்துக்கு இடமில்ல, ஏன்னா எதிர்ல வர்ற சைக்கிள்ல யாரோ வீட்டுப் பிள்ளை இருக்கும். ஆனா பணம் கட்டாததுக்கும், காருக்குச் சம்பந்தமில்லாத குற்றத்துக்கும் அதே தண்டனையைக் கொடுத்துட்டு, அப்புறம் "கஷ்டம்னா மனு போடு"ன்னு சொல்றது நியாயமில்ல. அந்தக் கஷ்டத்தை உண்டாக்கினதே சட்டம்தானே.

அமெரிக்காவில் இருக்கிற நம்ம நண்பர்கள் உங்க மாநிலத்துல இது எப்படி நடக்குதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.