புதுக்கோட்டை ராஜாவின் கல்யாணம்

வெள்ளைக்காரப் பெண்ணின் மையலில் அரசைத் தொலைத்தவர் என்றே புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானைப் பற்றிப் பேசுகிறார்கள். இது அவருக்கு இழைக்கும் அநீதி. 1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்னில் மோலி ஃபிங்கைப் பதிவுத் திருமணம் செய்தபோது ராஜாவுக்கு வயது 39. அதுவரை அவர் மணம் முடிக்கவில்லை. ஒரு சமஸ்தானாதிபதி அப்படி இருந்ததே அரண்மனைக்குப் பெரும் கவலை. ஆங்கில ஆசிரியரிடம் படித்து ஐரோப்பிய வாழ்க்கையில் தோய்ந்த அவர் அந்த அரண்மனைக்குப் பொருந்தாதவர். வெள்ளையரல்லாதாரைச் சட்டம் போட்டுத் தடுத்த ஆஸ்திரேலியாவில், ஓர் இந்தியரைக் கைப்பிடித்த வழக்கறிஞர் மகள் மோலியும் தன் ஊருக்குப் பொருந்தாதவரே.

ராஜா நாட்டைக் கவனியாமல் வெளிநாடே கதியென்று கிடந்தார், அதனால்தான் ஆட்சி போயிற்று என்பார்கள். அவர் ஊர்சுற்றியது உண்மை. ஆனால் கல்யாணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் ஐரோப்பா போய் வந்துகொண்டிருந்தார். அப்போதெல்லாம் ஆங்கில அரசு அவரை ராஜாவாகவே வைத்திருந்தது. சொந்த உறவினரே எதிர்த்தார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. தம்பதியர் புதுக்கோட்டையில் தங்கிய சில மாதங்களில் கர்ப்பிணியான மோலி நோயுற்றார்; அரளி விஷம் கொடுக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தது. அரண்மனையின் பகை அவ்வளவு. ஆயினும் வாரிசைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரண்மனையிடம் இல்லை, ஆங்கில அரசிடமே இருந்தது. மோலியை ராணியாக ஏற்க மறுத்ததும் அந்த அரசுதான். கபுர்தலா மகாராஜா 1908-இல் ஸ்பானியப் பெண் அனிதா தெல்காடோவை மணந்தபோதும் அவரை ராணியாக ஏற்கவில்லை. ஆனால் மகாராஜாவின் அரியணைக்கு ஆபத்து வரவில்லை. இந்திய மனைவியர் வழியாக அங்கே வாரிசுகள் இருந்தார்கள். புதுக்கோட்டையில் அப்படி யாரும் இல்லை. ஐரோப்பிய ரத்தம் கலந்த ஒரு பிள்ளை கத்தி ஏந்தி அரியணையில் அமர்வதுதான் ஆட்சியாளர்களை உறுத்தியது என்று நான் கருதுகிறேன்.

முறைப்படி ஆண்வழி வாரிசுதான் வேண்டுமென்று அவர்கள் சொல்லவும் இடமில்லை. மார்த்தாண்டரே முந்தைய ராஜாவின் மகள் வயிற்றுப் பேரன். 1877-இல் தத்தெடுக்கப்பட்டுப் பட்டத்துக்கு வந்தவர். தத்துப்பிள்ளையை ஏற்ற அதே அரசு, அவர் பெற்ற பிள்ளையை ஏற்கவில்லை. 1920-களின் தொடக்கத்தில் சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜெண்டாக நிர்வாகத்தை ஏற்க, ராஜா மனைவி மகனுடன் ஐரோப்பாவில் வாழ்ந்தார். மோலியை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1928-இல் பாரிஸில் காலமானார். 12 வயதை நெருங்கிய மகன் மார்த்தாண்ட சிட்னியை ஒதுக்கிவிட்டு, உறவினர் குடும்பத்துச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானுக்கு ஆங்கில அரசு பட்டம் கட்டியது. அவருக்கு அப்போது வயது 6.