எத்தனை பேர்? ஆர் ஆக்கள்?

நல்லூர்த் திருவிழா நேரம். எங்கட வாசிப்புக் கூட்டம் முடிய எல்லாருமாச் சாப்பிடுவம் எண்டு கோயிலடிக்குக் கிட்ட ஒரு கடையில எட்டுப் பேருக்கு மேசை சொல்லி வைச்சிருந்தம். கூட்டம் முடியிற நேரம் எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பேர். ஒருத்தர் தம்பியக் கூட்டிக்கொண்டு வந்திட்டார், இன்னொருத்தர் கம்பஸ் சிநேகிதிகள் ரெண்டு பேர், மிச்ச ரெண்டு பேரும் எப்பிடி வந்தவை எண்டு இப்பவும் தெரியாது. கடைக்குப் போன் போட்டம்.

"அண்ணை, எட்டெண்டு சொன்னனாங்கள். பதின்மூண்டா மாத்தேலுமோ?"

திருவிழாக் காலத்தில நல்லூரடியில அஞ்சு கதிரை கூடக் கேக்கிறது சின்ன விசயமில்லை. மற்றப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பதின்மூண்டுதானே? இனியும் கூடாதெல்லோ? ரெண்டு மேசையச் சேத்துப் போடுறன். அரை மணித்தியாலம் பிந்தி வாங்கோ. என்ன பேரில எழுதினனாங்கள்?" எண்டார். அவ்வளவுதான்.

இதை எங்களில் ஒருத்தர் வீட்டில போய்ச் சொல்ல, அம்மம்மா கேட்டாவாம்: "எத்தனை பேரெண்டு மட்டுமோ கேட்டவங்கள்? ஆர் ஆக்களெண்டு கேக்கேல்லையோ?"

அவ பகிடிக்குக் கேக்கேல்லை. குத்திக் கதைக்கவும் இல்லை. அவவின்ர காலத்தில ஒரு சாப்பாட்டு இடத்துக்குக் கூட ஆக்கள் வந்தால் முதல் வாற கேள்வி அதுதான், அதுதான் கேட்டா. அந்தக் கேள்வி கடையிலிருந்து எப்ப போனது, ஆர் போக்கினது எண்டு தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

பந்தி என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். எங்கட ஊரில் விருந்து என்றால் பந்தி. பந்திக்கு எண்ணிக்கை பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. ஆக்கள் கூடினால் இன்னொரு பந்தி, சோறு காணாட்டி இன்னொரு உலை. கலியாணத்துக்குச் சொல்லுற வீட்டில "முழு வீட்டுக்கும் சொல்லியிருக்கிறம்" என்பார்கள். முழு வீடு என்றால் நாலு பேரா பதினாலு பேரா என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பார்த்தது வேறொன்றை. நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் தன்ர சைவ வினாவிடையில் போசன பந்திக்கு உரியவர் யார் என்று ஒரு கேள்வியை வைத்து விடையும் எழுதியிருக்கிறார். சாதியால் சமமானவராக இருக்க வேண்டும், சிவதீட்சை பெற்றிருக்க வேண்டும், ஆசார ஒழுக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். முதலில் நிற்பது சாதி. பிள்ளைகள் பாடமாக்கிய புத்தகம் அது.

இதே நாவலர்தான் 1877 இல் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊத்தினவர். பஞ்சத்தில் கவனமில்லாமல் இருந்த அரசாங்க அதிபர் துவைனத்தைக் காரசாரமாகத் திட்டி எழுதினவரும் அவர்தான். இது ரெண்டும் ஒரே ஆளா எண்டு எங்கட கூட்டத்தில ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. எங்களுக்குப் பட்டது என்னவென்றால், அவருடைய காலத்துக்கு இதில் முரணே இல்லை. கஞ்சி ஊத்துவது தானம். பந்தியில் பக்கத்தில் இருத்துவது சமம். தானம் ஆருக்கும் செய்யலாம்.

பந்தியின் கொடுமை எங்கே தெரியும் என்றால், அதை நடத்தித் தந்தவர்களிடத்தில். யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் கட்டாடி வந்து வெள்ளை கட்டாமல் சபை கூடாது. பரியாரி வராமல் மாப்பிள்ளைக்குச் சடங்கு தொடங்காது. குடிமக்கள் என்று சொல்லப்பட்ட இவர்கள் வராவிட்டால் அந்த வீட்டுக்கே மானக்கேடு. அப்படி வந்தே ஆக வேண்டிய இவர்களுக்கு உள்ளே இலை இல்லை. எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு வளவுக்குள் ஒரு பக்கத்தில், அல்லது கடகத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக. அழைக்காமல் வந்து சேர்ந்த தூரத்துச் சொந்தக்காரருக்குக் கதிரை கிடைக்கும், காலமையிலிருந்து வேலை செய்தவருக்குக் கிடைக்காது.

முதலில் இதில் கை வைத்தது பள்ளிக்கூடங்களில். 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் (பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்) தீண்டாமையை எதிர்ப்பதைத் தன் கொள்கையில் ஒன்றாக வைத்தது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டி வந்ததும் அவர்கள்தான். எங்கட வயது ஆக்கள், அதை நினைக்கக் கொஞ்சம் வெக்கமாவும் இருக்கும். அந்த ஆண்டுகளில் எழுந்த கோரிக்கைக்கு ஒரு பெயர் இருந்தது: சம ஆசனம், சம போசனம். அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வெளியே நின்றார்கள். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி வாங்கில் இருத்த வேண்டும் என்று அரசு சொன்னது. 1930 ஆம் ஆண்டளவில் அதற்கு எதிராக மனுக்கள் போயின. சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு வாங்கில் கூட ரெண்டு பிள்ளையள் இருந்ததுக்கு.

கடைகள் இன்னும் பிந்தித்தான் அசைந்தன. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளைப் பற்றி டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதியதை வாசித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். உள்ளே வாங்கும் மேசையும் கிளாசும் ஒரு பகுதியாருக்கு. வெளியே நிலத்தில் குந்தி, சோடாப் போத்தலிலோ தகரப்பேணியிலோ சிரட்டையிலோ குடிப்பது மற்றவர்களுக்கு. காசு ஒரே காசுதான். நல்ல வெயிலுக்குள் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைப் போத்தலில் வாங்கிப் பிடித்துப் பார்த்தால்தான் அந்த ஏற்பாட்டின் குரூரம் விளங்கும்.

இந்த இடத்தில ஒரு சின்னக் கதை. இப்ப எங்கட ஊரில "பாரம்பரிய" உணவகம் எண்டு திறக்கிற இடங்களில கட்டாயம் ஒரு மூக்குப்பேணி அலங்காரத்துக்கு இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாற சொந்தக்காரர் அதைப் பிடிச்சுக்கொண்டு படம் எடுப்பினம். வாய் படாமல் அண்ணாந்து ஊத்திக் குடிக்கச் செய்த பாத்திரம் அது. அழகான சாமான், சுகாதாரமும்தான், மறுக்கேல்லை. ஆனால் ஆரின்ர வாய் எதில படக்கூடாது எண்டதில இவ்வளவு கவனமாயிருந்த ஒரு சமூகத்தின்ர பாத்திரமும் அதுதான். பக்கத்தில ஒரு சோடாப் போத்தலையும் வைச்சால் அலங்காரம் முழுமையாகும்.

1956 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறந்தது. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அந்த வருசம்தான். சிறுபான்மைத் தமிழர் மகாசபை பல வருடங்களாக இதற்காக உழைத்தது, எம்.சி. சுப்பிரமணியம் அதன் முக்கியமான தலைவர். அடுத்த வருடம், 1957 இல், சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கடைக்குள்ளோ சாப்பாட்டுக் கடைக்குள்ளோ விடாமல் மறிப்பது அன்றிலிருந்து குற்றம். கவனிச்சுப் பாருங்கோ: கந்தன் வாசலைத் திறந்து பத்து வருசத்துக்குப் பிறகும் கிராமப்புறத்துத் தேத்தண்ணிக் கடையள் திறக்கேல்லை. கோயில் வீதியில் நிற்பதை விட ஒரே கிளாசில் குடிப்பது பெரிய விசயமாக இருந்திருக்கிறது.

1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஊர்வலம் புறப்பட்டது. சண்முகதாசன் தலைமையிலான சீன சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்கு செய்தது. பொலிஸ் அடித்தது. அந்த எழுச்சியிலிருந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது, கே. டானியல் அதில் முன்னணியில் இருந்தவர். பிறகு சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி என்று தேநீர்க்கடைப் பிரவேசங்கள் நடந்தன. பிரவேசம் என்றால் பெரிய சொல். நடந்தது என்ன? சில பேர் கடைக்குள் போய், வாங்கில் இருந்து, கிளாசில் தேத்தண்ணி கேட்டார்கள். அதற்குப் பதிலாகக் கடை பூட்டப்பட்டது, கிளாஸ் உடைந்தது, அடியாட்கள் வந்தார்கள், குடிசைகள் எரிந்தன. சங்கானைக்குப் பக்கத்து நிச்சாமத்தில் துவக்குச் சூடும் உயிரிழப்பும் நடந்தன. சங்கானை ஷங்காயாகிக் கொண்டிருக்கிறது என்று அமிர்தலிங்கம் பாராளுமன்றத்தில் பேசியது அந்தக் காலத்து இடதுசாரி எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும். அவர் பயத்தோடு சொன்னதை இவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். மட்டக்களப்பிலிருந்து சுபத்திரன் சங்கானையை வணங்கிக் கவிதை எழுதினார்.

அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் 1960 பெப்ரவரி 1 அன்று நாலு கறுப்பின மாணவர்கள் வூல்வேர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் போய் இருந்து கோப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை, அவர்கள் எழும்பவும் இல்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சப் பேர் வந்தார்கள், அதற்கடுத்த நாள் இன்னும் கூட. நெட்பிளிக்ஸ் புண்ணியத்தில எங்களுக்கு அந்தக் கதை தெரியும். அந்த மேசையின்ர ஒரு பகுதி இப்ப வாஷிங்டனில ஸ்மித்சோனியன் நூதனசாலையில இருக்கு. எங்கட பஸ் நாளாந்தம் சங்கானைச் சந்தியால போகுது, அந்த வாங்குகளில ஒண்டைத்தானும் எங்கயும் வைச்சிருக்கினமோ எண்டால் நாங்கள் கண்டதில்லை. பாடப்புத்தகத்திலயும் காணேல்லை.

கூட வந்த ஆக்கள் என்று பேசும்போது 1995 ஐ விட்டுவிட்டுப் போக முடியாது. ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் எழும்பிச் செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம். நல்லூரும் அதில் வெறிச்சோடியது. அப்ப நாங்கள் பிறக்கேல்லை, ஆனால் எங்கட வீடுகளில எல்லாம் அந்தக் கதை இருக்கு. நாலு பேர் இருந்த வீட்டில் நாப்பது பேர், விறாந்தையில், மாமரத்துக்குக் கீழே, மாட்டுக் கொட்டிலில். ஒரு அறிவித்தலும் இல்லாமல் வந்தவர்களுக்கு முதல் நாள் கஞ்சி கொடுத்த வீடுகளைப் பற்றி இப்பவும் கண் கலங்கித்தான் சொல்வார்கள். அதே வாயால் மெல்லச் சொல்வார்கள், ரெண்டாம் நாள் மூன்றாம் நாள் கிணத்தடியில் "நீங்கள் எவடம்?" என்ற கேள்வி வந்ததென்று. எவடம் என்று கேட்பது ஊரை அறியவில்லை என்பது இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிலும் காணியும் சொந்தமும் இருந்தவர்கள் முகாமை விட்டு வெளியேறிவிட்டார்கள். பல வருடங்கள் அங்கேயே மிஞ்சிப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

இனி அந்தப் பதின்மூன்று பேர் மேசை. கடைக்காரர் எங்களைக் கேட்டது எண்ணிக்கை, நேரம், பேர். இந்த மூன்று கேள்வியோடு அவர் நிற்பதற்குப் பின்னால் சுன்னாகமும் நிச்சாமமும் இருக்கின்றன. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. டவுனில் மலாயன் கபேக்குப் போனால் மேசை சொல்லி வைக்கவே தேவையில்லை, வெறுமையாக இருக்கிற கதிரையில் போய் இருக்கலாம், முன்னால் இருந்து சாப்பிடுபவர் ஆரென்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மம்மாவின் கேள்வி கடையை விட்டுப் போய்விட்டது.

எங்க போனது எண்டு கேட்டால், வீட்டுக்குத்தான். என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' சிறுகதை இதைத்தான் எப்பவோ சொல்லிவிட்டது. மேடையில் முற்போக்காகப் பேசுகிற ஒருவரின் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்கள் வருவார்கள். அவர்களை உள்ளே கூப்பிடாமல், வெளியே நிலவில் இருந்து கதைக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போவார் அவர். அதை எங்கட கூட்டத்தில வாசிச்ச நாள் எல்லாரும் நல்லாச் சிரிச்சம். பிறகு ஒருத்தர் கேட்டார்: ரெண்டு வருசமா நாங்கள் கூடுறம், எப்பவாவது ஒருத்தற்ர வீட்டில எல்லாருமாச் சேந்து சோறு சாப்பிட்டிருக்கிறமோ? வாசிகசாலை, கம்பஸ் மரத்தடி, ஐஸ்கிறீம் கடை, சாப்பாட்டுக் கடை. வீடு இல்லை. இடவசதி இல்லை, அம்மாவுக்கு ஏலாது, வீட்டில நாய் எண்டு எல்லாரிட்டயும் காரணம் இருந்தது. அதில சிலது உண்மையும்தான். ஆனால் ஒரு வீட்டில "அந்தப் பிள்ளை எவடம்?" எண்டு அம்மா கேட்டதையும், அதுக்குப் பிறகு அந்தச் சிநேகிதனைக் கேற்றடியிலயே வைச்சுக் கதைச்சதையும் அண்டைக்குத்தான் ஒருத்தர் வாய் திறந்து சொன்னார். சொன்னபோது அந்தச் சிநேகிதனும் எங்களோடதான் இருந்தவர். "தெரியும்டா" எண்டார், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தை ஒரு வீட்டில வைப்பம் எண்டு அண்டைக்கே கதைச்சம். நாலஞ்சு வீட்டின்ர பேர் சொல்லுப்பட்டுது. பாப்பம், கேட்டுச் சொல்லுறம் எண்டு எல்லாரும் போனம். ரெண்டு மாதம் போட்டுது. போன கிழமை திரும்பவும் அந்தக் கடைக்குத்தான் போன் அடிச்சம். பதினொரு பேர் எண்டு சொன்னம். கூடக்குறைய ஆகுமோ எண்டு அவர் கேட்டார்.