மனை விளம்பர மிகைமொழி

மனை விளம்பர மிகைமொழி என்பது வீடு, மனை விற்பனையில் குறையை மறைத்தும் நிறையைப் பெருக்கியும் வாங்குபவரின் முடிவைத் திருப்பும் சொல்லாட்சி. தெளிவற்ற அளவு, வருங்கால வாக்குறுதி, அவசரமூட்டல் ஆகியவை இதன் முக்கிய வகைகள். ‘பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம்’ என்ற வரியில் கிலோமீட்டர் இல்லை. எந்த வண்டியில், எந்த வேளையில் என்பதும் இல்லை. ‘சூப்பர் பில்டப் ஏரியா’ படிக்கட்டு, லிஃப்ட், நடைவழியின் பங்கையும் சேர்ப்பதால் புழங்கும் பரப்பு அதைவிடக் குறைவு.

விளம்பரத்தில் மிகை இயல்பு, வாங்குபவரே விசாரிக்க வேண்டும் என்பர். ஆனால் முழு விவரமும் விற்பவரிடமே இருக்கையில் வாழ்நாள் சேமிப்பைப் போடுபவர் மேல் அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமன்று. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் புழங்கும் பரப்பான ‘கார்பெட் ஏரியா’வை வரையறுத்து, பதிவுக்குரிய திட்டங்களின் விளம்பரத்தில் பதிவெண்ணைக் கட்டாயமாக்கியது; பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டவர் 12ஆம் பிரிவின்படி இழப்பீடு கோரலாம்.