உள்ளே எந்தப் பக்கம்?

அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் பேருந்துகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிறவர்கள் செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு சாலையில் வந்து வளத்தியில் திரும்பிவிடுவார்கள். திரும்பாமல் நேரே போனால் சேத்துப்பட்டில் லூர்து மாதா ஆலயம் நிற்கிறது. இந்தச் சீமையில் பசித்து வந்தவரையும் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவரையும் கிறிஸ்தவக் கோயில்கள் எப்படி ஏற்றுக்கொண்டன என்று தேடுகிறவர் அங்கிருந்து தொடங்குவதே வசதி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தின்றது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு அதிகச் செலவாகிறது என்று கருதிய பிரிட்டிஷ் அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள், வளர்ந்த ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தார். வெயிலில் மண் சுமப்பவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம்! ஆற்காட்டுப் பகுதிகளில் இருந்த பாதிரியார்களின் வாசலில் கூட்டம் சேர்ந்தது இப்படித்தான். அவர்களில் ஒருவர் சேத்துப்பட்டில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு தராஸ். 1916-ல் இறக்கும்வரை அவர் இந்த நாட்டிலேயே இருந்தார். அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் கூலிகள்.

சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற ஏச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏசியவர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டுகளில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கஞ்சி தீர்ந்த பிறகும் அந்த மக்களில் பலர் கோயிலை விட்டுப் போகவில்லை. ஊர்க் கோயிலுக்குள் கால் வைக்க முடியாதவர்களுக்கு இங்கே குறைந்தபட்சம் கதவு திறந்திருந்தது.

கதவுக்கு உட்புறத்தின் வரலாறு கொஞ்சம் சிக்கலானது, பஞ்சத்தைவிட மூத்தது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நிக்கோலாஸ் பிமெந்தா என்ற சேசு சபைக் குரு செஞ்சிக்கு வந்தபோது, கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்று, தன் ஆட்சிப் பகுதியில் கோயில் கட்டவும் அனுமதி தந்தார். அன்று விருந்தாளி கிறிஸ்தவம்; இடம் கொடுத்தவர் இந்து அரசர். பின்னர் மதுரை மிஷன் குருக்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ராபர்ட் தெ நோபிலி போலப் பிராமண சந்நியாசிக் கோலத்தில் சிலர் இருக்க, 1640 முதல் பண்டாரக் கோலத்தில் வேறு சிலர் கீழ்ச்சாதி மக்களிடம் போனார்கள். 1674-ல் மிஷனில் சேர்ந்த சேசு சபைக் குரு அருளானந்தரும் பண்டாரமே. எல்லாரையும் சேர்க்க வேண்டும், யாரும் முகம் சுளிக்கவும் கூடாது என்று போட்ட கணக்கு இது. வெளியே இருந்த பிரிவினை அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

புதுச்சேரியில் அது சுவராகவே எழுந்தது. அங்கிருந்த சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் ஒரு சுவர் பிரித்திருந்தது. 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, பிறகு எதற்கு இந்தச் சுவர் என்று பறையர் கிறிஸ்தவர்கள் பெரிய குருவிடம் போய்க் கேட்டார்கள். அவரால் மறுத்துப் பேச முடியவில்லை, சுவர் இடிந்தது. உயர்சாதியார் கொதித்தார்கள். பிள்ளை கிறிஸ்தவர் அல்லர், இந்த விஷயத்தில் பறையர் பக்கம் பேச வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அதனாலேயே அவருடைய சாட்சியத்துக்குக் கனம் அதிகம். கோயிலைக் கட்டியவர்களுக்குத் தோன்றாத கேள்வியைக் கேட்டவர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கப்பட்டவர்கள்.

புராட்டஸ்டண்டுகள் இதில் கறாராக இருந்தார்கள். சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சைச் சபையில் பலர் அதை எதிர்த்தார்கள். அவர்களில் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், செஞ்சி, திண்டிவனம் பக்கமும் வேலை செய்தது. சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்பது அதன் நிலை.

அந்தக் குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடரின் கதை பலருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளைக் காப்பாற்றப் பெண் ஒருத்தி வேண்டும் என்று கேட்டார்கள். ஐடா மருத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் தொடங்கிய சிகிச்சைதான் இன்றைய சி.எம்.சி. வந்த மூவரில் ஒருவரும் கிறிஸ்தவர் அல்லர். சேத்துப்பட்டிலும் பிற்காலத்தில் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை எழுந்தது. நோயாளியிடம் சாதி கேட்காமல் கட்டில் கொடுப்பதில் இந்தச் சபைகளுக்கு இணையானவர்கள் குறைவு. ஞாயிறு பூசையில் பக்கத்தில் உட்கார வைப்பதும், செத்தவரை ஒரே கல்லறையில் புதைப்பதும்தான் தொண்டையில் சிக்கின.

உளுந்தூர்ப்பேட்டை பக்கம் எறையூரில் அது 2008-ல் வெடித்தது. வன்னியர் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள அந்தப் பங்கில், தலித் கத்தோலிக்கர்களின் சவ ஊர்வலம்கூடக் கோயிலுக்குப் போகும் பொதுத்தெரு வழியே போக முடியாத நிலை. தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் இறந்தார்கள். புதுச்சேரி-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. 1745-ல் சுவரை இடிக்கச் சொன்னவர்களின் வழிவந்தவர்கள், இப்போது தனிக்கோயில் கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஆனால் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். கோயிலில் தலித்தாக நடத்தப்படுகிறவர் தாசில்தார் அலுவலகத்தில் தலித் அல்லர். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தின் தலித் கத்தோலிக்கர்கள், பங்கு நிர்வாகத்திலும் திருவிழாவிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவை ஏற்று, பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.