ஓபரா அரங்கமைப்பு

ஓபரா என்னும் ஐரோப்பிய இசைநாடகத்துக்குத் திரைச்சீலை, தட்டி, மேடைப்பொறி, ஒளி ஆகியவற்றால் இடத்தையும் காலத்தையும் உண்டாக்கும் கலை. வசன நாடகத்தில் அடுத்த சீன் தயாராகாவிட்டால் கோமாளி முன்திரைக்கு வெளியே வந்து நாலு வார்த்தை பேசிச் சமாளித்துவிடலாம். ஓபராவில் அது நடக்காது. இசை அளந்து எழுதப்பட்டது, தச்சருக்காகக் காத்திராது. ஆகவே இந்தக் கலையின் வரலாற்றை ஓவியர்களின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி மேடைக்கு அடியில், கயிறும் கப்பியும் கிடக்கும் இருட்டில் இருக்கிறது.

இத்தாலியத் தொடக்கம்

ஓபரா பிறக்கும் முன்பே அதன் மேடை தயாராகிவிட்டது. செபஸ்தியானோ செர்லியோ 1545-இல் வெளியிட்ட நூலில், துன்பியல், இன்பியல், வனநாடகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் காட்சியை வரைந்து காட்டினார். போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் வீடுகளால், ஆழமில்லாத மேடையில் ஒரு முழுத் தெருவே தெரிந்தது. 1589-இல் ஃபுளோரன்ஸ் மெடிச்சி அரண்மனைத் திருமணத்தின்போது பெர்னார்தோ புவோன்டலென்டி மேகங்களிலிருந்து தேவர்களை இறக்கினார். அதே நகரில் 1600-இல் இன்னொரு மெடிச்சித் திருமணத்துக்கு யாக்கோப்போ பேரியின் ‘எயுரிதீச்சே’ நடந்தது. முழுமையாகக் கிடைத்திருக்கும் ஓபராக்களில் இதுவே பழையது.

இந்த ஓவியத் தெருக்களில் ஒரு குறை இருந்தது. கோடுகளெல்லாம் கூடும் புள்ளி அரசரின் இருக்கையை வைத்தே கணக்கிடப்பட்டது; மற்றவர்களுக்குத் தெரு சற்றுக் கோணல்தான். நடிகர் பின்னால் போய் நின்றால் மாளிகையைவிட உயரமாகத் தெரிவார்.

காட்சியை மாற்றுவது இன்னும் பெரிய தொல்லை. நிக்கோலா சப்பாட்டினி 1638-இல் முழுமையாக வெளியிட்ட மேடைப்பொறி நூலில், திருகலாகச் செதுக்கிய உருளைகளைச் சுழற்றிக் கடலலை காட்டுவது எப்படி என்று சொல்லிவிட்டு, காட்சி மாறும் நொடியில் பார்வையாளரின் தலையைத் திருப்பவும் வழி சொல்கிறார். மண்டபத்தின் பின்புறம் யாராவது பொய்ச் சண்டை போடலாம், இருக்கை முறிந்ததுபோல் கூச்சலிடலாம், அல்லது எக்காளம் ஊதலாம். முதல் இரண்டாலும் கூட்டம் கலவரப்படக்கூடும், எக்காளமே மேல் என்பது அவர் முடிவு. அனுபவப்பட்டவர் பேச்சு அது.

தொரெல்லியின் உருளை

வெனிஸில் 1637-இல் சான் கசியானோ அரங்கம் திறக்கப்பட்டது. காசு கொடுத்த எவரும் ஓபரா பார்க்கலாம் என்ற நிலை அங்கேதான் வந்தது. அரங்குகள் பெருகின, போட்டி பெருகியது. அந்தப் போட்டியில்தான் ஜாக்கொமோ தொரெல்லி (1608–1678) சப்பாட்டினியின் கவலையைத் தலைகீழாக்கினார்: மாற்றத்தை மறைப்பானேன், அதையே காட்சியாக்கிவிட்டால் என்ன?

பக்கத் தட்டிகளைத் தாங்கும் கம்பங்கள் மேடைத் தரையில் வெட்டிய நீண்ட பிளவுகள் வழியே கீழே இறங்கின. அடியில் அவை சக்கரம் பூட்டிய வண்டிகள்மேல் நின்றன. எல்லா வண்டிகளின் கயிறுகளும் ஒரே நடு உருளையில் சுற்றப்பட்டன. எடைக்கல்லை விடுவித்ததும் உருளை சுழலும். ஒரு வரிசைத் தட்டி உள்ளே போக, அடுத்த வரிசை வெளியே வரும். அரண்மனை இருந்த இடத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காடு நிற்கும். முன்பு ஒவ்வொரு தட்டிக்கும் ஆள் வேண்டியிருந்தது. இப்போது ஒரு சிறுவன் போதும். 1641-இல் ‘லா ஃபிந்தா பாத்சா’ ஓபராவில் அவர் காட்டிய வித்தைகளைப் பார்த்தவர்கள் அவரை மந்திரவாதி என்றார்கள். 1645-இல் பாரிசுக்கு அழைக்கப்பட்டார். இந்த உருளை அமைப்பு ஐரோப்பா முழுவதும் பரவியது.

இன்றும் அதை நேரில் பார்க்கலாம். ஸ்வீடனின் ட்ரோட்னிங்ஹோம் அரண்மனை அரங்கம் 1766-இல் கட்டப்பட்டது. மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792-இல் கொலையுண்ட பிறகு அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1921-இல் ஆக்னே பையர் என்ற ஆய்வாளர் உள்ளே போனபோது மரப்பொறிகள் தூசி படிந்து அப்படியே இருந்தன. புதுக் கயிறு பூட்டியதும் வேலை செய்தன. யாரும் சீண்டாததே அதைக் காப்பாற்றியது.

பிபியேனா குடும்பமும் பொது செட்டும்

ஃபெர்தினாந்தோ கல்லி பிபியேனா 1711-இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் நடுத்தெருவைக் கைவிட்டு, கட்டடங்களை மூலைவாட்டாக நிறுத்தும் முறையை விளக்கினார். பார்வை ஒரு புள்ளிக்குள் போய் முடியாமல் இரண்டு பக்கமும் விரிந்தது. தூண்களின் உச்சி திரைக்கு மேலே மறைந்ததால் மாளிகை எவ்வளவு உயரம் என்றே தெரியாமல் போனது. அவர் குடும்பத்தார் பல தலைமுறை ஐரோப்பிய அரசவைகளுக்கு உழைத்தார்கள்.

மற்ற அரங்குகள் அரண்மனை, சிறை, தோட்டம், கடற்கரை என்று சில பொது செட்டுகளை வைத்துக்கொண்டு எல்லாக் கதைக்கும் ஓட்டின. பார்சி நாடகக் குழுக்கள் வழியே இந்த ஓவியத் திரை மேடைதான் நம்மூர் கம்பெனி நாடகத்துக்கும் வந்தது. தர்பார் சீன், வனம் சீன், தெரு சீன் என்ற படுதாக்களும், கன்னையா நாடகக் கம்பெனியின் பிரம்மாண்டக் காட்சிகளும் அந்த வழியில் வந்தவையே.

விளக்கும் வரலாறும்

1822-இல் பாரிஸ் ஓபராவுக்கு வாயு விளக்கு வந்தது. 1831-இல் ‘ரொபேர் லெ தியாபிள்’ ஓபராவில் இறந்த கன்னியாஸ்திரிகள் நிலவொளி பட்ட மடத்தில் எழுந்து ஆடியபோது, பியர் சிசெரியின் செட்டை வாயு வெளிச்சமே உயிர்ப்பித்தது. 1849-இல் ‘லெ புரொஃபேத்’ ஓபராவில் மின்வில் விளக்கு சூரியோதயம் காட்டியது. வரலாற்றுத் துல்லியமும் மோகமாயிற்று. வெர்தியின் ‘ஐடா’வுக்கு எகிப்தியலாளர் மரியெத் வழிகாட்ட, செட்டும் உடைகளும் பாரிசில் தயாராயின. பிரஷ்யப் படை நகரை முற்றுகையிட்டதால் அவை அங்கேயே சிக்கிக்கொண்டன. கெய்ரோ அரங்கேற்றம் 1871 டிசம்பர் 24-க்குத் தள்ளிப்போனது.

வாயு விளக்குக்கு விலையும் இருந்தது. 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் அரங்கில் நேர்ந்த தீவிபத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயைத் தடுக்கும் இரும்புத் திரையும் மின்விளக்கும் கட்டாயமாகும் காலம் அதன்பின் வேகமாக வந்தது.

வாக்னரும் அதற்குப் பின்னும்

ஜெர்மனியின் பைராய்த்தில் இசையமைப்பாளர் வாக்னர் 1876-இல் தம் அரங்கில் இசைக்குழுவைப் பள்ளத்தில் மறைத்தார், பார்வையாளர் பகுதியை இருட்டாக்கினார். இருட்டிலும் மேடையில் இருந்தது பழைய வண்ணத் திரைதான். 1882-இல் ‘பார்சிஃபால்’ ஓபராவுக்காக நீண்ட ஓவியச் சீலையை மேடையின் குறுக்கே சுருட்டி நகர்த்தினார்கள். சீலை முடியும் முன்பே இசை முடிந்துவிட்டது. உதவியாளர் ஹும்பர்டிங்க் சில அடிகள் கூட்டி எழுதி இடைவெளியை நிரப்பினார். இசை செட்டுக்குப் பணிந்த அரிய தருணம் இது.

ஸ்விட்சர்லாந்தின் அடோல்ஃப் அப்பியா இந்த வண்ணத் திரை மேடைக்கு 1899-இல் ஒரு நூலில் பதில் சொன்னார்: வரைந்த நிழலைத் தூக்கி எறியுங்கள், படியும் சரிவும் வைத்து, உண்மை வெளிச்சத்தை இசையோடு நகரவிடுங்கள். வாக்னருக்குப் பின் பைராய்த்தை நடத்திய அவர் மனைவி கோசிமா அதைச் சீண்டவில்லை. 1924-இல் பாசலில் அப்பியா அமைத்த, வாக்னரின் ‘ரிங்’ ஓபரா வரிசை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1951-இல் பைராய்த் மீண்டும் திறந்தபோது, வாக்னரின் பேரன் வீலாண்ட் வெறும் வட்டத் தளமும் ஒளியுமாக மேடையை அமைத்தார். பணம் இல்லை, பழைய அலங்காரத்தில் நாஜி வாடை இருந்தது. அப்பியா வென்றதற்கு இவையும் காரணம். செக் நாட்டின் யோசெஃப் ஸ்வொபோதா பின்னர் ஒளியையே சுவராக எழுப்பினார்.

எந்திர மோகம் போய்விடவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 2010-இல் ரொபேர் லெபாஜ் ‘ரிங்’ வரிசைக்காக 24 பலகைகள் கொண்ட, சுமார் 45 டன் எடையுள்ள சுழலும் அமைப்பை நிறுவினார். அதைத் தாங்க மேடைக்கு அடியில் எஃகு வைத்து வலுப்படுத்த வேண்டியிருந்தது. தொடக்க இரவில், கடைசிக் காட்சியில் தேவர்கள் வானவில் பாலமேறித் தங்கள் கோட்டைக்குப் போக வேண்டிய நேரம். பலகைகள் உரிய நிலைக்கு நகரவில்லை. இசைக்குழு நிற்காமல் வாசித்து முடித்தது.