காமன் கூத்தும் காண்போர் பங்கும்

காண வந்தோரையே கலையின் உறுப்பாக்கும் முறை மேலைநாட்டார் அண்மையிற் கண்டது எனக் கருதப்படுவதுண்டு. 1959 இல் நியூயோர்க்கில் அலன் கப்ரோ நடத்திய 'ஆறு பகுதிகளில் 18 நிகழ்வுகள்' அதற்குத் தொடக்கமாகக் காட்டப்படும். 1964 இல் யப்பானின் கியோத்தோ நகரில் யோகோ ஓனோ மேடையில் அமர்ந்து, தம் ஆடையைப் பார்வையாளர் கத்தரிக்க இடமளித்தமையும் பேசப்படும். ஆயின், ஈழத்து மலையகத் தோட்டங்களில் மாசி மாதந்தோறும் நிகழும் காமன் கூத்தை நோக்குமிடத்து இக்கருத்து ஐயத்துக்குரியதாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கூலிகளாய்க் கொணரப்பட்ட தமிழக மக்களோடு கடல்கடந்து வந்தது இக்கூத்து. அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றப்படும். ரதி, மன்மதன் வேடந் தாங்குவோர் நேர்த்தி வைத்து நோன்பிருப்பர்; இருவரும் ஆடவரே. தப்பு முழங்க அவர்கள் லயம் லயமாக ஆடி வருகையில், வாசல்தோறும் பெண்கள் விளக்கேற்றி ஆலத்தி எடுத்து வரவேற்பர். இங்கே பார்வையாளர் என்றொரு தனிவகுப்பினர் இல்லை. கொழும்பு ஆடிவேல் விழாவிலோ தேர் காலி வீதிவழியே செல்ல, மக்களிற் பெரும்பாலார் ஓரத்தில் நின்று வணங்குவர்.

கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தில் சிவனின் தவமும் சினமுமே ஓங்கி நிற்கும். தோட்டத்திலோ ரதியின் புலம்பலே கூத்தின் உயிர். எரிந்த கணவன் மீண்டும் எழுவான். எனினும் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

ஓனோ மேடையேறிய அதே 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை தீர்க்கப்படவில்லை. ஒரே குடும்பத்தார் இரு நாட்டினராயினர். அதன்பின் ரதியின் அழுகையைக் கேட்டோர், கப்பலேறிப் போன தம்மவரையும் நினைந்திருப்பர் எனக் கொள்வது மிகையாகாது. அப்பொருளைக் கதை தரவில்லை. கேட்டவர்களே கொணர்ந்து சேர்த்தனர்.

கூத்தை நகர மண்டபத்திற்குக் கொணர்ந்து ஒரு மணி நேரத்திற் சுருக்கும்போது ஆட்டமும் பாட்டும் பிழையின்றி வந்துசேரக்கூடும். நோன்பு வந்துசேர்வதில்லை. ஆலத்தி எடுத்த பெண்களுக்கு அங்கே நாற்காலி போடப்படுகிறது.